நாலு முறை குரூப் 4 எழுதிவிட்டேன், 31 வயது. தொடரலாமா, நிறுத்தலாமா?

மொரப்பூரான்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் வருவேன், எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரி மாவட்டம், மொரப்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். பி.எஸ்சி. கணிதம், பள்ளியிலிருந்து கல்லூரி வரை தமிழ் வழி. அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார், மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவார். தம்பி ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் போகிறான். நான் 2018 வரை ஒரு பைனான்ஸ் ஆபீசில் வசூல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், 9,000 சம்பளம். அதை விட்டுவிட்டு, ஒரே வருடம்தான் என்று வீட்டில் சொல்லி, தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். அந்த ஒரு வருடம் ஏழு வருடம் ஆகிவிட்டது.

2019 செப்டம்பரில் முதல் முறை எழுதியபோது 200க்கு 149 கேள்வி சரி. முதல் முறைதானே என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அப்புறம் கொரோனா வந்தது, அடுத்த குரூப் 4 எழுத 2022 ஜூலை ஆனது. அதில் 162. மூன்று கேள்வியில் போச்சு. 2024 ஜூனில் 165, கவுன்சிலிங் பட்டியலில் பெயர்கூட வந்தது, சான்றிதழ் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஒரு பையில் போட்டு அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். என் ரேங்க் வருவதற்கு முன்பே என் பிரிவில் இடங்கள் முடிந்துவிட்டன. 2025 ஜூலை 12ஆம் தேதி எழுதியதில் தமிழ்ப் பகுதியிலேயே தடுமாறிவிட்டேன், மொத்தம் 147. ஏழு வருடம் படித்தவன் முதல் தடவை எழுதியதைவிட இரண்டு கேள்வி குறைவாகப் போட்டிருக்கிறேன் என்பதை விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த அன்று ராத்திரி முழுக்க தூக்கம் வரவில்லை.

இதற்கிடையில் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.எச்.எஸ்.எல். தேர்வின் வயது வரம்பும் எனக்கு முடிந்துவிட்டது (27, எங்கள் பிரிவுக்கு மூன்று வருடம் சேர்த்து 30). தமிழ்நாட்டுத் தேர்வே போதும் என்று இருந்ததில் அதை ஒழுங்காக எழுதவே இல்லை. ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை. என்ன பண்ற என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே பயமாக இருக்கிறது. தர்மபுரியில் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டு வந்த நாட்களும் உண்டு, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கேட்க வந்தது ஒன்றுதான். இன்னும் ஒரு தடவை எழுதலாமா, இல்லை இதோடு விட்டுவிடலாமா? இரண்டையும் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், உண்மை போதும்.


கனவு_2026:

அண்ணா மனசை விடாதீங்க. 165 எடுத்த உங்களால் 175 எடுக்க முடியாதா? அடுத்த லிஸ்ட்ல உங்க பெயர் கண்டிப்பா இருக்கும். நானும் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.


பெண்ணையாற்றங்கரை:

மேலே எழுதிய தம்பியின் நல்ல மனசு புரிகிறது. ஆனால் கண்டிப்பாக என்ற வார்த்தையை இந்தத் தேர்வு விஷயத்தில் யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலர். 2022 தேர்வில் வந்தவன், அது எனக்கு மூன்றாவது முறை. அந்த வருடம் முதலில் 7,301 இடம் என்று அறிவிப்பு வந்தது, பிறகு கூட்டிக் கூட்டி பத்தாயிரத்தைத் தாண்டிப் போனது. எழுதியவர்கள் 18 லட்சத்துக்கு மேல். என் ரேங்க் எனக்குத் தெரியும், 7,301 இடத்தோடு நின்றிருந்தால் எனக்கு வேலை இல்லை. கூடுதலாக வந்த இடங்களில் ஒன்றில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். 2025 அறிவிப்பில் 3,935 இடம், எழுதியவர்கள் 11 லட்சத்தைத் தாண்டினார்கள். அதே நான், அதே படிப்போடு 2025இல் எழுதியிருந்தால் உங்கள் இடத்தில் நின்று இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஊரில் எனக்கு மாலை போட்டவர்களிடமும் இதைத்தான் சொன்னேன், அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்காகப் படிப்பே வேண்டாம், எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்ல வரவில்லை. முதல் இரண்டு முறையும் ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், கேள்வியாக வந்தால் நான்கு விடையும் சரி மாதிரி தெரியும். மூன்றாவது முறைதான் வாசிப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டு, தினமும் ஒரு டெஸ்ட் எழுதி, தப்பாகப் போட்ட கேள்வியை மட்டும் ஒரு நோட்டில் ஏன் தப்பு என்று ஒரு வரியோடு எழுத ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் அந்த நோட்டைப் பார்த்தபோது பாதிக்குப் பாதி எனக்குத் தெரிந்த கேள்விகள், அவசரத்தில் 'பொருந்தாதது எது' என்பதைப் 'பொருந்துவது எது' என்று படித்தவை. புத்தகத்தை இன்னும் பத்து முறை படித்தாலும் அது சரியாகியிருக்காது. நீங்கள் கணிதம் படித்தவர், கணக்குப் பகுதியின் 25 கேள்வியில் எத்தனை சரி என்று பாருங்கள். 22க்குக் கீழே என்றால் குறை படிப்பில் இல்லை, களைப்பில் இருக்கிறது. ஏழு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தால் யாருக்கும் களைப்பு வரும்.

இன்னொன்று. வேலை கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அது ஓய்வதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். எங்கள் கிராமம் தென்பெண்ணை ஆற்றுக்கு ரொம்பப் பக்கம். நடு ராத்திரி ஒரு தெருவையே காலி பண்ணிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கரண்ட் இல்லை, டவர் இல்லை. அன்றைக்கு விடியும்வரை என்னோடு நின்றவன் என்கூடவே ஐந்து வருடம் படித்து, கடைசியில் தேர்வாகாமல் டிராக்டர் ஓட்டப் போனவன். வயசானவர்களையும் கன்றுக்குட்டிகளையும் அவன் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம். அன்றைக்கு ஊர் என்னைக் கூப்பிட்டதைவிட அவனைத்தான் அதிகம் கூப்பிட்டது. நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவனைத் தோற்றவன் என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எழுதுங்கள் என்றோ விடுங்கள் என்றோ நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இன்னொரு முறை எழுதுவதாக இருந்தால் வீட்டில் சும்மா உட்கார்ந்து எழுதாதீர்கள். ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுதுங்கள்.


ஹையர்_முடித்தவள்:

தம்பி, உங்கள் பதிவில் டைப்ரைட்டிங் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கரூர் பக்கம். கல்யாணமாகி, இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகுதான் படிக்கவே ஆரம்பித்தேன். இளநிலை உதவியாளருக்குக் கேட்கிற மார்க் எனக்கு வராது என்று இரண்டாவது தேர்விலேயே தெரிந்துவிட்டது. சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே புத்தகத்தைத் திருப்புகிற ஆள், நாள் முழுக்க நூலகத்தில் இருப்பவர்களோடு எப்படி ஓடுவது? என் தோழி ஒருத்திதான் தட்டச்சர் பதவியும் இதே குரூப் 4 தேர்வில்தான் வருகிறது, அதற்குக் கட் ஆஃப் நன்றாகக் குறையும், ஏனென்றால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் (மேல்நிலைத் தேர்வு) முடித்தவர்கள் குறைவு என்று சொன்னாள். காலை ஆறு மணிக்கு மாமியாரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு இன்ஸ்டிடியூட் போனேன். சுற்றிலும் பிளஸ் டூ பிள்ளைகள், நான் ஒருத்திதான் புடவையில். முதலில் லோயர், அப்புறம் ஹையர், இரண்டு மொழியிலும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பரீட்சை வைக்கும். ஆங்கிலம் ஹையர் ஒரு தடவை போய்விட்டது, திரும்ப எழுதினேன்.

2024 தேர்வில் நீங்கள் எடுத்ததைவிட எனக்குக் குறைவுதான். எவ்வளவு குறைவு என்று சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், அதனால் சொல்லவில்லை. எனக்கு வேலை கிடைத்தது. உங்களைவிட நான் கெட்டிக்காரி இல்லை. நான் நின்ற வரிசையில் ஆள் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். எந்தக் கோச்சிங்கிலும் இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை, அதனால் யாரைப் பார்த்தாலும் நான் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி. அதைச் சொன்னது நல்லது.


பனியன்_கணக்கு:

நான் விட்டவன். திருப்பூர். விட்டவர்களும் பதில் சொல்லுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

ஐந்து வருடம் படித்தேன். 2018 பிப்ரவரியில் வி.ஏ.ஓ.வையும் குரூப் 4ஐயும் ஒன்றாகச் சேர்த்து முதல் முறை வைத்தார்களே, அதையும் எழுதினேன், 2019உம் எழுதினேன். கொரோனா சமயத்தில் வீட்டில் காசு சுத்தமாக இல்லை, அப்போது விட்டதுதான். யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய், வேறு வழி இல்லாமல் விட்டேன். சித்தப்பா பையன் மூலமாக ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. எனக்கு 29 வயது, எனக்கு வேலை சொன்ன சூப்பர்வைசருக்கு 22. முதல் ஆறு மாதம் தினமும் ராத்திரி ரூமுக்கு வந்து, இந்நேரம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் என்று நினைத்து நினைத்து என்னையே தின்றுகொண்டேன். அந்த ஆறு மாதத்தை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை, நீங்கள் விட்டாலும் அது உங்களுக்கும் வரும்.

அது எப்படிக் குறைந்தது என்றால், ஒரு நாள் கட்டிங் மாஸ்டர் ஒரு ஆர்டருக்குத் துணி எத்தனை கிலோ வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், அதில் வேஸ்டேஜ் சதவீதத்தை இரண்டு தடவை கூட்டியிருந்தார். பக்கத்தில் நின்ற நான் சொன்னேன். குரூப் 4க்கு இரண்டாயிரம் சதவீதக் கணக்குப் போட்டவனுக்கு அது கண்ணிலேயே தெரிகிறது. அடுத்த வாரம் என்னை ஆபீசுக்கு மேலே கூப்பிட்டார்கள். இன்றைக்கு மெர்ச்சண்டைசிங்கில், அதாவது ஆர்டர்களைக் கவனிக்கிற வேலையில் இருக்கிறேன். படித்தது வீணாகவில்லை என்று எல்லோரும் ஆறுதலுக்குச் சொல்வார்கள், அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் என் விஷயத்தில் நிஜமாகவே அப்படித்தான் நடந்தது.

தனியாரில் எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எங்களுக்கு வந்த ஆர்டர் பாதியில் நின்றது, இரண்டு லைன் மூடிக் கிடந்தது, அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று பயந்த நாட்கள் அவை. அரசு வேலைக்கு ஏன் இவ்வளவு பேர் ஏங்குகிறார்கள் என்பது அப்போது மறுபடி புரிந்தது. அந்த ஏக்கத்தில் எந்தத் தப்பும் இல்லை.

எனக்குத் தோன்றுவது ஒன்று. எஸ்.எஸ்.சி.யில் 30 வயதில் கதவை அவர்களே மூடிவிட்டார்கள், உங்களுக்கு வலித்தது, ஆனால் அது முடிந்தது. குரூப் 4 அப்படி இல்லை. பிசி, எம்பிசி, எஸ்சி பட்டதாரிகளுக்கு இளநிலை உதவியாளர் பதவிக்கு மேல் வயது வரம்பே கிடையாது. நல்ல சலுகைதான், எத்தனையோ அக்காமார்கள் நாற்பதிலும் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் வரம்பு இல்லாததால்தான் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று போய்க்கொண்டே இருக்கிறோம். யாரும் வந்து போதும் என்று சொல்ல மாட்டார்கள். அந்தத் தேதியை நீங்களேதான் வைக்க வேண்டும். காலண்டரில் எழுதி, வீட்டில் ஒரு ஆளிடமாவது சொல்லிவிட வேண்டும். நான் அப்படி வைக்கவில்லை, காசு தீர்ந்து போன நாள்தான் எனக்கு அந்தத் தேதியாக ஆனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.


ஓய்வுபெற்ற_அஞ்சல்காரர்:

தம்பி, நான் தேர்வு எழுதியவன் இல்லை, எழுதிய பையனுக்கு அப்பா. அவனும் ஆறு வருடம் படித்தான். உங்கள் அப்பா பெங்களூரில் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

அவனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம், அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியது. நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அவன் வந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவான். இரண்டு தோசைக்கு மேல் கேட்க மாட்டான், கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிற மாதிரி இருக்கும். நான் ஏதாவது கேட்டால் அவன் மனசு நோகுமோ என்று நான் பேசாமல் இருந்தேன், நான் பேசாமல் இருப்பதை அவன் கோபம் என்று நினைத்தான். இரண்டு வருடம் ஒரே வீட்டில் அப்படிப் போனது.

நீங்கள் முடிவு எடுக்கும் முன்பாக அப்பாவிடம் ஒரு தடவை பேசுங்கள். மார்க்கையும் சொல்லுங்கள், பஸ் ஸ்டாண்டையும் சொல்லுங்கள். சென்ட்ரிங் வேலை செய்கிற மனுஷன், மேலே நின்று பலகை பிரிக்கிறவர். எது தாங்கும், எது தாங்காது என்று அவருக்குத் தெரியும்.


மொரப்பூரான்:

எல்லோருக்கும் நன்றி. நாலு நாள் கழித்துப் பதில் எழுதுவதற்கு மன்னியுங்கள், எல்லாவற்றையும் மூன்று தடவை படித்தேன்.

பெண்ணையாற்றங்கரை அண்ணா, கணக்குப் பகுதியில் 2024இல் 24, 2025இல் 17. நீங்கள் சொன்ன பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். கணிதம் படித்தவன் 17. களைப்பு என்று நீங்கள் சொன்ன வார்த்தை சரிதான், அதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை, நான் முட்டாளாகிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஊருக்கு வந்திருந்தார். ஐயா சொன்ன மாதிரி, அவர் சாப்பிடும்போது கூட உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டைச் சொன்னபோது மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த பஸ் ஸ்டாண்டு, டவுன் பஸ் நிக்கிற பக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அங்க வெயிலு அடிக்குமேடா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் வெளியே கட்டிலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இப்போதைக்கு எடுத்த முடிவு இது. ஊரிலேயே புளி மண்டியில் கணக்கு எழுத ஆள் கேட்டிருந்தார்கள், ஒன்றாம் தேதியிலிருந்து போகிறேன். காலையில் டைப்ரைட்டிங், பிப்ரவரியில் லோயர், ஆகஸ்டில் ஹையர். அடுத்த குரூப் 4 எதுவோ அதை எழுதுவேன், அதுதான் கடைசி. தம்பியிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அம்மா மட்டும் கடைசி என்ற வார்த்தையைச் சொல்லாதே என்கிறாள். ஹையர்_முடித்தவள் அக்கா, ஒரு சந்தேகம். தமிழும் ஆங்கிலமும் சேர்த்து ஒரே நேரத்தில் ஆரம்பிக்கலாமா, இல்லை ஒன்று பழகிய பிறகு இன்னொன்றா?


ஹையர்_முடித்தவள்:

ஒரு மாதம் ஆங்கிலம் மட்டும் அடியுங்கள் தம்பி. விரல் பழகியதும் தமிழையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டும் குழம்பும். பிப்ரவரி பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதியை இன்ஸ்டிடியூட்டில் இன்றைக்கே கேளுங்கள், அதை விட்டுவிட்டால் ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். கீ போர்டைப் பார்க்காமல் அடிக்கப் பழகுங்கள், மெதுவாகப் போனாலும் பரவாயில்லை.


மொரப்பூரான்:

சேர்ந்துவிட்டேன் அக்கா. இன்று முதல் வகுப்பு. ஒரு மணி நேரம் முழுக்க ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் மட்டும்தான், சுண்டுவிரல் வலிக்கிறது. நாளைக்கும் அதுதானாம்.